சுகமானேன் என்று சொல்லாத சாட்சி

அப்பா போய் ஓராண்டு ஆகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு மூத்தவள் என்ற முறையில் நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். எழுத உட்கார்ந்தால் மனம் மரத்துப்போய்க் கிடக்கிறது. அழுகைகூட இன்னும் சரியாக வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், பனையேறும் குடும்பத்தில் பிறந்தார்கள். ஐ.டி.ஐ. முடித்து நெய்வேலிக்கு வந்து, பல வருடம் கான்ட்ராக்டில் உழைத்த பிறகுதான் பெர்மனன்ட் ஆனார்கள். சுரங்கத்தில் நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டைக் கவனிக்கும் வேலை. எங்கேயாவது சூடேறிப் புகைகிறதா என்று ஷிஃப்ட் முழுக்க பெல்ட் ஓரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கண் குவார்ட்டர்ஸிலும் ஓயாது. குடும்ப ஜெபத்தில் நான் தூங்கி வழிவது எப்படியோ தெரிந்துவிடும். "ஏட்டி, ஆமென் சொல்லும்போது மட்டும் கரெக்டா முழிச்சிக்கிடுதியே, அதெப்படி?" என்பார்கள்.

சோதனை என்றால் என்ன என்பதில் அப்பாவுக்குக் குழப்பமே இருந்ததில்லை. சம்பளத்தன்று குடிக்கக் கூப்பிடுகிறவர்களிடம் சிரித்தே நழுவிவிடுவார்கள். என் கல்யாணம் தள்ளிப்போனபோது ஜாதகம் கணிக்கச் சொன்ன பக்கத்து வீட்டு மாமாவுக்குக் காபி கொடுத்து வழியனுப்பினார்கள். அவையெல்லாம் தூரத்திலேயே தெரிகிற சோதனைகள். கடைசியில் வந்தது ஜெபத்தோடு வந்தது.

ஓய்வு பெற்று, டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்த பிறகு அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸ் ஆரம்பித்தது. ஊசி குத்திக் குத்திக் கை வீங்கிவிட்டது. அப்போதுதான் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து அப்பாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவரைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். எங்களோடு சேர்ந்து அவரும் அழுதார். அந்த வாரமே அப்பாவின் கால் வீக்கம் வடிந்தது. கடைத்தெரு வரை தனியாக நடந்துபோய் வந்தார்கள். அம்மாவின் முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"நம்ம ஜெபக் கூட்டத்துல வந்து சாட்சி சொல்லுங்க ஐயா. சுகமாயிட்டேன்னு வாயால அறிக்கை பண்ணாத்தான் அந்தச் சுகம் நிலைக்கும். அப்புறம் டயாலிசிஸ் எதுக்கு?" என்றார் ஊழியக்காரர். அப்பா சரியென்று தலையாட்டினார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் எங்களுக்குப் பக்கத்தில் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு வலிப்பு நோயாம். "ஐயா, ஒங்களுக்கு நல்லாயிடுச்சாமே? நானும் இதுக்கு மாத்திரைய நிறுத்திடலாம்னு நெனச்சிகினு இருக்கேங்க. வூட்ல திட்றாங்க. நீங்க மேடையில சொல்றதக் கேட்டுட்டு முடிவு பண்ணிக்கிறேங்க" என்றாள். அப்பா குனிந்து குழந்தையைப் பார்த்தார்கள். அதற்குள் மேடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

மைக்கைப் பிடித்த அப்பா நாங்கள் இருந்த பக்கம் பார்த்தார்கள். பிறகு, "ஐயா எனக்காக ஜெபம் பண்ணுனாவ. கால் வீக்கம் கொறஞ்சிருக்கு. அதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனா சுகமாயிட்டேன்னு என்னால சொல்ல முடியாது. எனக்குத் தெரியல. வியாழக்கிழமை டயாலிசிஸ் இருக்கு, போறேன். மாத்திரை சாப்பிடுதவங்க யாரும் விட்டுராதீங்க. எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்றார்கள். கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. யாரோ மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

ஆட்டோவில் அம்மா பொரிந்து தள்ளினார்கள். "ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சிரும்? ஆண்டவர் கைய நீட்டுதாரு, நீங்க தட்டி விடுதிய."

"சொல்லணும்னுதான் படியேறினேன். வாய் வரைக்கும் வந்துட்டு. வேற பொய்னா ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம். அவரு பேர்லயே பொய் சொல்லிட்டு யார்கிட்டப் போயிக் கேக்க?"

அதன்பிறகு பல நாள் அம்மா சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். காலை ஜெபம் மட்டும் நிற்கவில்லை. கால் மறுபடி வீங்கியது. உடம்பு முழுக்கத் தளர்ந்தபின் ஒருநாள் என்னிடம், "அன்னைக்குச் சொல்லியிருந்தா சரியாயிருக்குமோ?" என்று கேட்டார்கள். நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அவர்களே முணுமுணுவென்று ஜெபிக்க ஆரம்பித்தார்கள்.

அடக்கத்தன்று, விசுவாசக் குறைவால்தான் போய்விட்டார் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் பார்க்காமல் கார் எடுத்துவந்த அண்டை வீட்டாருக்கும், மாற்றி மாற்றிச் சோறு கொடுத்தனுப்பிய சபைப் பெண்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த அப்பாவின் ஷிஃப்ட் தோழர்களுக்கும், கூடவே இருந்த எங்கள் போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரை ஓரமாக நின்றிருந்த அந்த ஊழியக்காரருக்கும் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசியில், வேதனையெல்லாம் நீங்கிப் பூரண சமாதானத்தோடு அப்பா கண்மூடினார்கள் என்று எழுதியிருந்தேன். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"வேதனை எங்கட்டி நீங்குச்சு? நீயும் பக்கத்துலதான இருந்த. கடைசி வரைக்கும் வலி இருந்துச்சு. கடைசி வரைக்கும் ஜெபம் பண்ணுனாவ. ரெண்டையும் எழுது. ஒங்க அப்பா சொல்லாத சாட்சிய நாம சொல்லக் கூடாது."

அந்த வரியை எடுத்துவிட்டேன். கடைசி வரை அப்பாவுக்கு வலி இருந்தது. கடைசி வரை அப்பா ஜெபம் செய்தார்கள்.