கண்டக்டர் போன ஊழியம்

'எழுப்புதல் பிரசங்கியார், பன்மொழிப் புலமை மிக்கவர், அல்லும் பகலும் ஜெபத்தில் தரித்திருப்பவர்' என்று எங்கள் ஊழியக் குழுவின் அறிமுகத் தாள் வர்ணிக்கும் மனிதர், அந்நிய நாட்டு ஆலயம் ஒன்றின் படியில் ஒரு காலும் வாசலில் ஒரு காலுமாக நின்று, ஆராதனைக்கு வருகிற உள்ளூர்க்காரர்களை, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ளே காலியாத்தான் இருக்கு" என்று தமிழிலேயே விரட்டிக்கொண்டிருக்கிறார். அவர்களும் போகிறார்கள். எங்கள் சபையில் ஜனங்களைக் கடைசி பெஞ்சிலிருந்து கிளப்ப முயன்று மூன்று போதகர்கள் மாற்றல் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

தாளின் மேல் குற்றமில்லை. அது வேறொருவருக்காக அச்சானது. பிரசங்கியார் குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொள்ள, ஆள் குறையக் கூடாதே என்று குழுத் தலைவர் தன் அக்காள் கணவரை இழுத்து வந்தார். தாளில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினார்கள். அத்தான், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். எங்கள் எல்லாருக்கும் கண்டக்டர்.

ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கச் சொன்னால், விரலை நாக்கில் தொட்டு, கட்டிலிருந்து ஒன்றை உருவி, ஓரத்தை லேசாகக் கிழித்துத்தான் நீட்டுவார். கிழிக்காமல் கொடுத்தால் இரட்சிப்பு செல்லாது என்று அவருக்கு ஓர் எண்ணம். புரியாத மொழியில் நீளும் பிரசங்கத்தைக் கேட்டு, எங்களைப் போல உருகின முகம் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. என் பக்கம் சாய்ந்து, "இது எக்ஸ்பிரஸ் இல்ல போலிருக்கே, எல்லா ஸ்டாப்பிலேயும் நிக்குது" என்பார். பாட்டென்றால் மட்டும் கூச்சமே கிடையாது. வார்த்தை தெரியாத பாட்டை வார்த்தை தெரிந்தவர்களைவிட உரக்கப் பாடுவார்.

இந்த ஆலயத்தை நினைத்தால்தான் தலைவருக்குக் கவலை. உள்ளூர்ப் போதகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். சபையில் இரண்டு குடும்பங்கள். பேக்கரிக்காரர்கள் வலப்பக்கம், மரக்கடைக்காரர்கள் இடப்பக்கம். ஒரு மதில் சுவரில் ஆரம்பித்த பகை. இதற்கு நடுவே மரக்கடை வீட்டுப் பெண், பேக்கரி வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அவளுக்கு இரண்டு பக்கமும் இடமில்லை. நிறைமாத வயிற்றோடு ஞாயிறுதோறும் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறாள். "விருந்தாளிகள் இதில் தலையிட்டால் ஒரு பாதி எழுந்து போய்விடும், பிறகு நான் அரைச் சபைக்குத்தான் போதகர்" என்றிருந்தார் அவர்.

வேனில் வரும்போதே தலைவர் கெஞ்சினார். "அத்தான், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அங்க வாயைத் திறக்காதீங்க. அது அவங்க குடும்ப விஷயம்."

"குடும்பம் வேற, சீட்டு வேற மாப்ளே."

"அங்க ரெண்டும் ஒண்ணுதான்!"

"சரி விடுப்பா. உங்க அக்காகிட்ட இத்தனை வருஷம் வாயைத் திறக்காம குடும்பம் நடத்தினவன். எனக்கா பழக்கமில்ல?"

ஆராதனையில் தலைவர் ஜெபிக்க எழுந்தார். உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் கூடவே நின்றார். எல்லாத் தலையும் குனிந்தது. குழுவில் கீபோர்டு வாசிக்கிற எனக்கு ஜெபத்தில் முழுசாகக் கண்ணை மூட வசதியில்லை. கண்டக்டரும் மூடமாட்டார், "கண்ணை மூடினா எவனாவது ஓடுற வண்டியிலேருந்து இறங்கிடுவான்" என்பார். பின்சுவரோரம் அந்தப் பெண் இடுப்பில் கை ஊன்றி, கால் மாற்றி மாற்றி நிற்பதை இருவருமே பார்த்தோம். முகம் வெளுத்திருந்தது. நான் கீபோர்டுக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டேன். அவர் எழுந்தார்.

தலைவர் அரைக்கண்ணால் அதைக் கண்டுவிட்டார். ஆமென் சொல்லப் போனவர், சொன்னால் எல்லாக் கண்ணும் திறந்துகொள்ளுமே என்று, சட்டென்று அந்தத் தேசத்து அதிகாரிகளுக்காக மன்றாடத் தொடங்கினார். பிறகு விதவைகள். பிறகு கடற்பயணிகள், மழை, விளைச்சல். மொழிபெயர்ப்பாளருக்கு மூச்சு வாங்கியது.

கண்டக்டருக்கு அவசரமில்லை. வலப்பக்கம், பேக்கரி வீட்டு மாமியாருக்கு அருகில், ஓர் ஆள் தாராளமாக உட்காரும் இடத்தில் அந்த அம்மாளின் கைப்பை உட்கார்ந்திருந்தது. பெஞ்சின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தார். பக்கத்தில் பால் இருந்தால் திரிந்திருக்கும்.

"பைக்கு சீட்டு கிடையாதும்மா" என்றார் கண்டக்டர், தமிழில், தணிந்த குரலில். "மடியில வெச்சுக்குங்க."

அந்த அம்மாள் அசையவில்லை. மேடையில் ஜெபம் ஆகாயத்துப் பறவைகள் வரைக்கும் வந்துவிட்டது.

மதில் சண்டை அன்றைக்குத் தீர்ந்துவிடவில்லை. கடைசியில் ஆமென் சொன்னபோது யாரும் எழுந்து போகவும் இல்லை. கண்டக்டர் செய்தது இதுதான்: கைப்பையைத் தானே எடுத்து மாமியாரின் மடியில் வைத்தார், பின்சுவருக்குப் போய் மருமகளை அழைத்துவந்து, அந்த இடத்தில் உட்கார வைத்தார்.