ஹோஸ்டிலியா அடுப்பு மூட்டிய நாள்

ரோமில் எங்கள் சுபுரா சந்தில் ரொட்டி சுட்டு விற்றவள் ஹோஸ்டிலியா. அவள் கணவன் நோவியஸ் கூலிக்குக் கடிதம் எழுதுபவன். சீசரைக் கொன்றவர்களில் ஒருவருக்கு நாலு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தான். அவன் செய்த அரசியல் அவ்வளவுதான்.

சீசர் செத்த மறு வருடக் குளிர்காலத்தில் அவருடைய ஆட்கள் ரோமைப் பிடித்தார்கள். சாக வேண்டியவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி ஊர் கூடும் மன்றத்தில் வைத்தார்கள். தலையைக் கொண்டுவந்தால் பரிசு, ஒளித்து வைத்தால் மரணம். நோவியஸ் பெயரும் அதில் இருந்தது. ஊரை விட்டு ஓடிவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஹோஸ்டிலியா அவனை ரொட்டி அடுப்புக்குள் ஒளித்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரி நான்தான் அவள் வாசலில் நின்று கேட்டேன்.

"என்னக்கா, ரெண்டு நாளா அடுப்பு எரியல? புருஷன் ஓடின துக்கமா?"

கேலிக்குத்தான் கேட்டேன். ரொட்டிக்கு நின்றவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"விறகு ஈரம்டி. இப்ப மூட்டுறேன்," என்றாள்.

உள்ளே போய் அவனை வெளியே இழுத்து, அடுப்புக்கும் பின்சுவருக்கும் நடுவே இடுக்கில் நிற்க வைத்து, முன்னால் மாவு மூட்டைகளை அடுக்கினாள். "ஒரே ஒரு ஈடுதாங்க, பொறுத்துக்கோங்க" என்றாளாம்.

அந்த ஈடு வேகும்போதே சிப்பாய்கள் ஆறு பேர் வந்தார்கள். மாடியைப் புரட்டிப் பார்த்தார்கள். யாரும் அகப்படவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"பசிக்குது, இன்னும் சுடு," என்று அவர்கள் தலைவன் அடுப்பெதிரே உட்கார்ந்தான்.

"மாவு தீந்துபோச்சுங்க ஐயா."

"அங்க அடுக்கி வெச்சிருக்கியே, அது என்ன, மண்ணா?"

"அது புழுத்த மாவு, பன்னிக்குப் போடுறது. பக்கத்து வீட்ல நல்லதா வாங்கியாறேன்."

என்னிடம் வந்து கேட்டாள். எதற்கென்று தெரியாமல் கொடுத்தேன். நாலு ஈடு சுட்டாள். அவனுக்குக் கேட்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும், "இன்னும் கொஞ்ச நேரந்தாங்க ஐயா," என்று உரக்கச் சொன்னாளாம்.

மழை விட்டு அவர்கள் போனதும் மூட்டைகளைத் தள்ளினாள். நோவியஸ் அடுப்புச் சூட்டில் வெந்து நின்ற வாக்கிலேயே செத்திருந்தான். மேலங்கித் துணியை வாய்க்குள் திணித்திருந்தான்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஒண்டியா தூக்க முடியலடி. தூக்கு, இல்லன்னா போய்ச் சொல்லிக் குடு."

தூக்கினேன். மாவு அறைத் தரையைத் தோண்டிப் புதைத்தோம்.

நாலு வருடம் கழித்து மன்னிப்பு அறிவித்தார்கள். சிசிலிக்குத் தப்பியவர்கள் திரும்பி வந்தார்கள். அன்று மத்தியானம் ஹோஸ்டிலியா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சத்தம் போட்டு அழலாமாடி?" என்று கேட்டாள்.

நான் எழுந்து கதவைச் சாத்தப் போனேன்.

"தொறந்தே இருக்கட்டும்," என்றாள்.