இறுகிய நட்டு

பந்தயக் காரை ஓட்டுகிறவனைத்தான் உலகம் பார்க்கும். அந்தக் காரின் வலது பின்சக்கரத்து நட்டை முடுக்குகிறவரை யார் பார்க்கப் போகிறார்கள்? பதினோரு வருடமாக அவரை யாரும் பார்க்கவில்லை. அதில் அவருக்குக் குறையும் இருந்ததில்லை.

கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் ரெண்டரை. பந்தயத்தின் நடுவில் டயர் மாற்ற கார் பிட்டுக்குள் வந்து நிற்கும். நான்கு மூலையிலும் பழைய சக்கரம் கழன்று புதுச் சக்கரம் ஏறி, கார் மறுபடி பாய்ந்து போக ரெண்டரை நொடி. ஒரு மூலை பிந்தினாலும் கார் நிற்க வேண்டியதுதான். அவருடைய மூலை பிந்தியதே கிடையாது. படிப்பை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டு, பஸ் டெப்போவுக்கு எதிரே ஒரு பஞ்சர் கடையில் லாரிச் சக்கரங்களோடு மல்லுக்கட்டிப் பழகிய கை. காற்றழுத்தத்தில் சுழன்று நட்டை முடுக்கும் கன் அந்தக் கைக்குள் வந்ததும், கன் எது கை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த டீமுக்கு இரண்டு கார், இரண்டு ஓட்டுநர்கள். ஒருவனைப் பெரியவன் என்பார்கள், மற்றவனைச் சின்னவன். வயதில் சின்னவன்தான் இரண்டு வருடம் மூத்தவன். ஆனால் பெரியவனுக்குப் பின்னால் ஒரு எண்ணெய்க் கம்பெனி நின்றது. புது உதிரிபாகம் எது வந்தாலும் முதலில் பெரியவன் காருக்குத்தான். அண்ணன் போட்டுக் கிழித்த சட்டை தம்பிக்கு வருவது போல, பழசெல்லாம் சின்னவன் காருக்கு வரும். சின்னவன் முணுமுணுக்க மாட்டான். "எனக்கு ஒரு இடத்துலதான் ஓரவஞ்சனை இல்ல அண்ணே, உங்க மூலையில" என்பான். நியாயம் அநியாயம் என்று ரெண்டரை உட்கார்ந்து யோசித்தவரல்ல. எந்தக் கார் வந்து நின்றாலும் ரெண்டரை நொடி. அவருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

அந்த வருடத்துக் கடைசிப் பந்தயத்தன்று காலையில் மேனேஜர் அவரை டயர் அறைக்குக் கூப்பிட்டார்.

"கதவச் சாத்துப்பா. இன்னிக்குச் சின்னவன் கார் பெரியவனுக்கு முன்னாடி இருந்தா, பிட்டுல ஒரு மூணு நொடி கூட ஆகணும்."

"எதுக்கு சார் ஆகணும்?"

"உன் நட்டு பிடிக்கல. அதான் காரணம்."

"என் நட்டு எப்ப சார் பிடிக்காம போச்சு?"

"அதனாலதான்யா உன்கிட்ட வந்தேன். வேற எவன்கிட்டயாவது சொன்னா, பதறிப்போய் சக்கரத்தையே கழட்டி விட்டுருவான். உன் கைதான் சொன்னபடி கேக்கும்."

"ரேடியோவுலயே வழி விடுன்னு சொல்லிடலாமே சார். சட்டத்துல இடம் இருக்கே."

"சொன்னேனே ரெண்டு மாசம் முன்னாடி! அவன் வழி விட்டான், கேலரி முழுக்க ஊளை. கார்ல பேர் போட்டிருக்கற கம்பெனிக்காரன் போன்ல என்னை வறுத்து எடுத்துட்டான். இனிமே சொன்னா கேக்க மாட்டேன்னு சின்னவனும் முறைச்சுக்கிட்டுப் போயிட்டான்."

"இன்னிக்கு முதல் மூணுக்குள்ள வரலன்னா அவனுக்கு அடுத்த வருஷம் சீட்டே இல்ல சார்."

"பெரியவன் மூணாவது வந்தாலே வருஷத்துப் புள்ளிக் கணக்குல சாம்பியன். எது பெருசு? நூத்திப்பத்து குடும்பம் இந்த டீம்ல சாப்பிடுது. உன் வீடும் அதுல ஒண்ணு."

மேனேஜர் மிரட்டவில்லை. கடைக்கு என்னென்ன வாங்கிவர வேண்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். ரெண்டரை தரையைப் பார்த்துக்கொண்டு, "சக்கரத்த லூசா விட மாட்டேன்" என்றார்.

"யார் விடச் சொன்னது? நல்லா இறுக்கு. இறுக்கிட்டு, இறுகாத மாதிரி இன்னொரு தடவ இறுக்கு."

அதற்குப் பிறகு ரெண்டரை ஒத்திகைச் சக்கரத்தில் செய்து பார்த்தார். கை கேட்கவில்லை. ஒரு முடுக்கு, கன் வெளியே, முடிந்தது என்று கை மேலே. மறுபடி செய்தார். மறுபடியும் அதே. அவர் மூலையில் சக்கரத்தை ஏற்றுகிறவர் எதிரில் குந்தியிருந்தார். பதினோரு வருடமாக இவரை மச்சான் என்று கூப்பிடுகிற ஆள். "என்ன மச்சான், இன்னிக்குப் பரீட்சையா? இத்தன தடவ எழுதிப் பாக்கற!" என்று சிரித்தார். ரெண்டரையும் சிரித்துவைத்தார்.

பந்தயத்தில் சின்னவன் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான். பெரியவன் நாலாவது, முதுகில் ஒட்டினாற்போல. சின்னவன் பிட்டுக்குள் வந்து, வெள்ளைக் கோட்டில் மயிரிழை பிசகாமல் நிறுத்தினான். பழைய சக்கரம் போனது, புதியது ஏறியது. கன் ஒரு முறை உறுமி, நட்டு கல் மாதிரி இறுகியது. கையை உயர்த்த வேண்டியதுதான் பாக்கி. மற்ற மூன்று மூலையிலும் கைகள் உயர்ந்திருந்தன.

ரெண்டரை கன்னை மறுபடி உள்ளே கொடுத்தார். இறுகிய நட்டை இறுக்கினார். வெளியே எடுத்து, குனிந்து பார்த்து, தலையை ஆட்டி, மூன்றாவது முறையும் கொடுத்தார். அந்த மூன்று நொடியில், ஹெல்மெட் கண்ணாடி வழியே சக்கரம் ஏற்றியவரின் கண்கள் நட்டைப் பார்த்தன. பிறகு அவரைப் பார்த்தன.

சின்னவன் நாலாவதாக முடித்தான். மூன்றாவதாக வந்த பெரியவன் சாம்பியன் கோப்பையைத் தூக்கினான்.

வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பதினோரு வருஷமா ஒரு நாளாவது உங்க மூஞ்சியக் காட்டுவானான்னு டி.வி. முன்னாடி உக்காந்திருக்கேன். இன்னிக்குக் காட்டினான். மெதுவா ஓட்டி ஓட்டி ஆறு தடவ காட்டினான்."

"சாப்பாடு போடு."

"பக்கத்து வீட்டுக்காரி, உங்க வீட்டுக்காரர் பயந்துட்டாரான்னு கேக்கறா. அவருக்கென்ன பயம், நட்டுதான் மட்டம்னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்?"

அவர் கை கழுவப் போனார். கை தவறியது என்று ஊர் சிரிக்கிறது. தவறவில்லை என்று சொன்னால் ஊர் காறித் துப்பும். இரண்டில் எது தேவலை என்று தட்டின் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துச் சின்னவன் தன் சாமான்களை எடுத்துப் போக டீமின் கார் கொட்டகைக்கு வந்தான். அவனுடைய அலமாரியில் பேர் எழுதிய சீட்டை ஏற்கெனவே கிழித்திருந்தார்கள். ஹெல்மெட்டை ஒரு துணிப் பைக்குள் திணித்துக்கொண்டு நேராக இவரிடம் வந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. அன்னிக்கு நட்டு நெசமாவே பிடிக்கலையா?"

எவ்வளவு நாளாக இந்தக் கேள்விக்குப் பதிலைத் தயார் செய்திருந்தார்! உண்மைதான் அந்தப் பதில். வாயைத் திறந்தார். கூரை விளக்கின் கீழே, கொட்டகையின் அந்தக் கோடியில், மேனேஜர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலப்பா."

சின்னவன் பெருமூச்சு விட்டான். "அப்பாடா. இது போதும் எனக்கு. இங்க ரெண்டு பேர், வேணும்னே பண்ணினாருன்னு பேசறானுங்க. செவுளு திரும்பிடும்னு சொல்லிட்டேன். உங்களப் போய் அப்படிச் சொல்ல எப்படிண்ணே வாய் வருது?" அவருடைய வலது கையைப் பிடித்து இரண்டு கையாலும் குலுக்கினான். "வரேண்ணே."

அதுவரை பொய் சொன்னது கைதான். இப்போது வாயும் அதனோடு சேர்ந்துகொண்டது.

அடுத்த வருடப் பயிற்சி தொடங்கியது. சக்கரத்தை ஏற்றுகிறவர் எப்போதும் போல எதிரில் குந்தினார். ஆனால் மச்சான் என்று கூப்பிடவில்லை. "ரெடியா சார்?" என்று கேட்டார்.

கன் உறுமியது. நட்டு இறுகியது. ரெண்டரை கையை உயர்த்தப் போனார். கை உயரவில்லை, கன்னை மறுபடி நட்டுக்குள் கொடுத்தது. மூன்று புள்ளி நாலு நொடி என்று பலகையில் விழுந்தது. மறுபடி செய்தார்கள். ஒரு முடுக்கு போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் குனிந்தார். ஆனாலும் கை இரண்டு முறை போய்த்தான் திரும்பியது. வாரம் முழுக்க அப்படியே. பந்தயத்தன்று காலையில் எவ்வளவு கெஞ்சியும் படிக்க மறுத்த பாடத்தை, கை இப்போது மறக்க மாட்டேன் என்றது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனார். "விட்டுடுப்பா. வயசாகுதுல்ல. டயருக்குச் சூடு ஏத்தற போர்வை மாட்டற வேலை இருக்கு. அவசரமே இல்ல, நிதானமாப் பாக்கலாம்."

"சார், அன்னிக்கு நீங்கதான..."

"என்னிக்கு?" என்று கேட்டார் மேனேஜர்.

நிஜமாகவே மறந்துவிட்டாரா என்று ரெண்டரை அந்த முகத்தைத் தேடிப் பார்த்தார். மறந்த முகம் இல்லை அது.

கன்னைக் கொண்டுபோய்ச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இரண்டடி நடந்தவர், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.