முப்பத்தொன்றாம் நம்பர் குடை

றோஸ்மலர் அக்கா ஆறு வருடங்கள் என்னோடு கலைக்கூடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தார். வருகிறவர்களின் கோட்டுகளையும் குடைகளையும் வாங்கி, நம்பர் கட்டி வைப்பதுதான் எங்கள் வேலை. மன்னார்க்காரி, இங்கே சட்டன் என்ற புறநகரில் வீடு. ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்தால் பங்கு மண்டபம் முழுவதும் அவர் குரல்தான். வேலையிடத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார். ஆங்கிலம் நடுவழியில் நின்றுவிடும் என்று பயம்.

மேலே போய், படங்களுக்குக் காவலாக ஒரு நாற்காலியில் இருக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போன மாதம் ஓர் இடம் காலியானது. விரும்புகிறவர்கள் ஒரு படத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிக்காட்ட வேண்டும் என்று மேலாளர் சொன்னார்.

அக்கா தெரிந்தெடுத்தது அவுஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவர் வரைந்த காட்டுக்கிழங்குப் படத்தை.

"ஏனக்கா, அந்தப் பூப்படம் லேசெல்லோ?"

"பூவைப் பற்றி என்னத்தைச் சொல்லுறது? இது சாப்பாடு. சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கதைக்க ஏலும்."

அக்கா பேசவேண்டிய அன்று நல்ல மழை. படத்துக்கு முன்னால் பார்வையாளர்கள் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். எனக்குச் சாப்பாட்டு நேரம், பின்னால் நின்றேன்.

"இந்தப் படம்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். மூன்று தரம் அதையே சொன்னார். பிறகு விறுவிறென்று படியிறங்கிப் போய்விட்டார். மேலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது அக்காவின் கையில் ஒரு நீட்டுக் குடையும், நாங்கள் நம்பர் வில்லைகள் போட்டுவைக்கும் மரத்தட்டும் இருந்தன. குடையில் முப்பத்தொன்றாம் நம்பர் தொங்கியது. ஆட்களின் பொருளைத் தொடவே கூடாதென்பது எங்கள் முதல் சட்டம்.

அக்கா வெறும் நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தார். ஒரு பக்கம் குடை, மறுபக்கம் தட்டு.

"பறவை மாதிரி மேலே நின்று பாருங்கள்" என்றார். "இந்த வளைவு, மணலில் இருக்கிற பெண். கோடு, அவள் கிழங்கு கிண்டும் தடி. நீள்வட்டம், கிழங்கு போடும் தட்டு."

எல்லோரும் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"கிழங்கு எங்கே?" என்றாள் ஒரு சிறுமி.

அக்கா விரல்களை விரித்து நிலத்தில் வைத்தார். "படம் முழுக்க ஓடுகிறதே, இந்த வேர்க்கோடுகள். நிலத்துக்கு மேலே தெரிவது வெடிப்பு மட்டும், கிழங்கு அடியில். கிழங்கின் மேல்தான் அவள் இருக்கிறாள்."

"அது என் குடை" என்றார் ஒரு நெட்டை மனிதர்.

"ஓம், உங்களின்ரைதான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் அக்கா. பிறகு ஆங்கிலத்தில், "கொஞ்சம் பொறுங்கள், கிழங்கு இன்னும் வரவில்லை" என்றார்.

முதலில் சிரித்தது அந்த மனிதர்தான். மேலாளரும் சிரித்தார்.

இப்போது அக்காவுக்கு மேலே, அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி. யாராவது விளக்கம் கேட்டால் எனக்குப் போன் வரும்.

"பிள்ளை, நீட்டுக் குடை ஒண்டு கொண்டு வா."

"என்ரையைத்தான் கொண்டு வருவன். ஆக்களின்ரையைத் தொடமாட்டன்."

"அதுதான் நீ இன்னும் கீழ இருக்கிறாய்!"

நான் குடையை எடுத்துக்கொண்டு படியேறுவேன்.