மண்ணுக்கடியில் பூக்கும் பூ

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் கணவர் சொல்வார். சொல்லட்டும். அவருடைய அக்கா வடலூரிலிருந்து மாதம் தவறாமல் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வர ஆரம்பித்தபோது அந்தப் புத்திதான் முதலில் விழித்துக்கொண்டது. நாத்தனார் வெறுங்கையோடு வருகிறவர் இல்லை. பலாச்சுளை, முறுக்கு, என் மகளுக்கென்று தனியாக இரண்டு முழம் மல்லிகை. அந்தப் பூதான் என்னை உறுத்தியது. மகளுக்குக் கல்யாண வயது. நாத்தனாருக்கு ஒரே பையன். அத்தை மகன், முறைப்பையன். எங்கள் குடும்பத்தில் முறை இருக்கும்போது பெண் கேட்டு வந்தவர்களிடம் மாட்டேன் என்று சொன்னால் அத்தோடு உறவு முறிந்தது.

என் அம்மா தன் தாய்மாமனையே கட்டியவர். நான் அத்தை மகனைக் கட்டியவள். என் முதல் பிரசவத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "சொந்தத்துல கல்யாணமா?" என்பதுதான். அந்தப் பெண் குழந்தை ஒரு நாள்கூட முழுதாக இருக்கவில்லை. பச்சை உடம்புக்காரி பார்க்கக் கூடாது என்று எனக்குக் காட்டாமலேயே கொண்டுபோய்விட்டார்கள். அடுத்துப் பிறந்தவள்தான் இந்த மகள். இவளை மட்டும் சொந்தத்தில் கொடுப்பதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட.

பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள் நான். எங்கள் தோட்டத்தில் எத்தனை முறை பிடுங்கினாலும் கானாவாழை முளைத்துக்கொண்டே இருந்தது. நீலப் பூ விதையாகும் முன்பே பிடுங்கிவிடுவேன், அப்படியும் வரும். பக்கத்து வீட்டம்மா வேண்டுமென்றே களையை இந்தப் பக்கம் வீசுகிறாரோ என்று சில நாள் ஜன்னலோரம் காவல்கூட இருந்தேன். கடைசியில் ஒரு செடியை ஆழமாகத் தோண்டினேன். மண்ணுக்குள் வெளுத்த தண்டுகளில் திறக்காத பூக்கள். வெளிச்சமே பார்க்காமல், தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டு விதை கட்டியிருந்தன. புத்தகத்தில் படித்ததுதான். ஆனாலும் கண்ணால் பார்க்கும்வரை நான் எதையும் நம்புகிறவள் இல்லை.

வகுப்பில் இதை விளக்குவது சுலபம். பல செடிகள் தங்கள் மகரந்தத்தைத் தாங்களே ஏற்காமல் மறுத்துவிடும். ஆனால் பூச்சி வராத இடத்தில், பக்கத்தில் துணையில்லாத இடத்தில், மறுக்கத் தவறிய செடிதான் விதை வைக்கும். அதன் வம்சம் பெருகும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்பதால் தலைமுறை போகப் போகப் பூ சிறுத்து, மணம் குறைந்து, தேனும் வற்றிப்போகும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒளிந்து கிடந்த குறை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கன்றில் வந்து சேர்ந்தால் வெளியே தெரிந்துவிடும். கன்று நோஞ்சானாகும், இல்லையென்றால் பிழைக்காது. செத்தவற்றோடு சில குறைகளும் கழிந்துபோகும், மிஞ்சியவை சமாளித்துக்கொள்ளும். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது நான் போர்டு பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்படிக் கழிந்தது என் பிள்ளை.

போன தை மாதம் நாத்தனார் வந்தபோது கணவர் முதல் ஷிப்ட் போயிருந்தார். மகளும் வேலைக்குப் போய்விட்டாள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். ஜாதகம் சரியில்லை, அவள் மேலே படிக்கப் போகிறாள் என்று நான் சாக்குகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்கக் கூடாது" என்றார்.

வந்துவிட்டது என்று நினைத்தேன். "சொல்லுங்க அண்ணி."

"உன் பொண்ணு எம் புள்ளைக்குத்தான்னு நெனச்சிக்கினு இருக்கறியா?"

"நீங்க அப்படி நெனைக்கலையா?"

"எனக்கு வேணாம்மா. நீயா கேட்டுட்டா எப்டி மாட்டேன்றதுன்னு பயந்துகினு கெடக்கறேன். ஒவ்வொரு மாசமும் சொல்லிடலாம்னுதான் வரேன். இங்க வந்தா வாய் வர மாட்டேங்குது. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா சங்கடமா இருக்கு, அதான் பூ வாங்கியாரேன்."

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். என் மகளுக்கு என்ன குறைச்சல்? வசதியான இடம் ஏதாவது அமைந்துவிட்டதா? "வேற எடம் பாத்துட்டீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் உரித்த மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "எங்கயும் பாக்கல. அன்னைக்கு ஆஸ்பத்திரியில அந்தப் புள்ளைய எங் கையிலதான் குடுத்தாங்க. மூச்சு நிக்கற வரைக்கும் நாந்தான் வச்சிக்கினு இருந்தேன். இன்னொரு தபா என்னால ஆவாது."

இத்தனை வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. இவ்வளவு காலமும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்ததை அவரிடம் கேட்டேன்.

"அவ யாரு மாதிரி இருந்தா அண்ணி?"

நாத்தனார் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாருன்னு தனியா சொல்றது. நம்ம எல்லாரு மாதிரியுந்தான் இருந்தா."