சைலன்சரும் நிறுத்திவைத்த ஃபேனும்

அன்ரனியின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போன மத்தியானம், எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு பெட்டி பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டி இருந்தது. வைத்தவர் முதலாளி மார்செல்.

"கையால் சாப்பிடுவதுதான் காரணம்" என்றார். "இனிமேல் இது. அடுத்த சோதனையிலும் ஏறியிருந்தால் ரேஞ்சுக்குள் போகக்கூடாது."

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நாங்கள் வந்து குடியேறிய நகரத்தின் ஓரத்தில், புவாண்ட்-கிளேரில் உரிமம் பெற்ற சிறிய ஆயுதப் பரிசோதனைக்கூடம் அது. போலீசுக்குப் போகிற துவக்குகளை மன்னார் அன்ரனி ரேஞ்சில், அதாவது சுடுகிற அறையில், சுட்டுப்பார்ப்பான். நான் சத்தத்தை மீட்டரில் அளப்பேன். வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த எனக்கு, அதே சத்தத்தை அளக்கச் சம்பளம்.

ரேஞ்சை விட்டால் அன்ரனிக்கு அங்கே வேறு வேலை இல்லை. மனைவியைக் கூப்பிட ஸ்பொன்சர் போட்டிருந்தான். வேலை போனால் அதுவும் இழுபடும். ஆகவே முள்ளுக்கரண்டியை எடுத்தான்.

"அண்ணை, இதால புட்டுச் சாப்பிட்டா பல்லுக்குத்திற மாதிரியெல்லோ இருக்கு."

"வாயை மூடிக்கொண்டு தின்னடா" என்றேன், என் பங்கைக் கையால் குழைத்தபடி.

ஒரு மாதம் குத்திக் குத்திச் சாப்பிட்டான். அடுத்த சோதனையில் ஈயம் இன்னும் ஏறியிருந்தது.

"திங்கட்கிழமையிலிருந்து ரேஞ்ச் இல்லை" என்றார் மார்செல்.

எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு வருடமாக நானும் கையால்தான் சாப்பிடுகிறேன், விரலைக்கூட நக்குவேன். என் இரத்தம் சுத்தம். அப்படியானால் பிழை புட்டில் இல்லை. அன்று பின்னேரம், அவன் சுட்டு முடித்த கையோடு உள்ளே போனேன். கண் எரிந்தது. அன்ரனி மூக்கைச் சிந்தினான். ரிஷ்யூப் பேப்பர் கறுப்பாக வந்தது.

"எப்ப இருந்தடா இப்பிடி?"

"சைலன்சர் வந்ததில இருந்து."

"ஏன் சொல்லேல்லை?"

"சத்தம் குறைஞ்சிட்டுதெண்டு எல்லாரும் சந்தோசமா நிக்கிறியள். நான் என்னத்தைச் சொல்ல?"

விசயம் இதுதான். வெடித்த புகை சாதாரணமாகக் குழாயின் முன்பக்கத்தால் போய்விடும். குழாய் வாயில் பூட்டுகிற சைலன்சர் அதை மறிப்பதால் ஒரு பகுதி பின்னால் வந்து, சுட்ட ரவையின் வெற்றுக் கோது தெறிக்கிற வலப்பக்கத் துவாரத்தால் வெளியேறும். வலக்கைக்காரனுக்கு அது துவக்கின் மற்றப் பக்கம். அன்ரனி இடக்கைக்காரன். துவாரம் நேரே அவன் மூக்குக்கு.

இன்னொன்றும் இருந்தது. சுவருக்கு அப்பால் எவ்வளவு கேட்கிறது என்று போலீஸ் கேட்டிருந்தது. பழைய வெடிக்கு முன்னால் எக்ஸோஸ்ட் ஃபேனின் இரைச்சலை யாரும் கவனித்ததில்லை. சைலன்சர் வந்தபிறகு, பக்கத்து அறையிலிருந்த என் மீட்டரில் ஃபேன்தான் பெரிதாக விழுந்தது. அளக்கும்போது அதை நிறுத்தச் சொன்னதும் மார்செல்தான். புகை போக வழியில்லை.

போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "கை" என்றார் மறுபடியும்.

"நீங்கள் இடக்கையால் ஒரு மகசீன் ரவை சுட்டுப் பாருங்கள். ஃபேன் வேண்டாம்."

கௌரவப் பிரச்சினை. கண்ணாடி மாட்டிக்கொண்டு போனார். வெளியே வந்தபோது கண்ணில் தண்ணீர், மூக்கின் கீழ் புது மீசை. நேரே சுவிட்சடிக்குப் போய் ஃபேனைப் போட்டார். பிறகு அன்ரனியைப் பார்த்து, "இரத்தத்தில் ஈயம் இறங்கும்வரை மீட்டரை நீ பிடி. வேலை இருக்கிறது" என்றார். மாஸ்க் போட்டுக்கொண்டு அவரே சுட்டார். என்னைச் சுடச் சொல்லவில்லை. நான் குறிபார்க்கிற அழகு அவருக்கு நன்றாகத் தெரியும்.

முள்ளுக்கரண்டிப் பெட்டி எப்போது காணாமல் போனதென்று தெரியாது. அன்ரனியின் மனைவி வந்து சேர்ந்தபோது அவன் மறுபடி ரேஞ்சில் நின்றான்.

ஒரு சாமான் திடீரென்று அமைதியானால், அது மறித்து வைத்தது எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்க வேண்டும். வேலையில் நான் படித்தது அவ்வளவுதான். வில்லரேயில் எங்கள் வீட்டு அடுப்படியில் மனைவி மீன் பொரித்துக்கொண்டே ஃபோன் கதைப்பதற்காக ஃபேனை நிறுத்துவா. நான் எழும்பிப் போய்ப் போட்டுவிடுவேன்.

"ஒண்டும் கேக்கேல்லையப்பா!" என்று கத்துவா.

கேட்காவிட்டால் பரவாயில்லை.