புல் இருக்கட்டும்

எங்கள் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறவர்கள் வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு, வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்பார்கள். வந்தவர் தோட்டத்து ஆளாக இருந்தால் கேட்காமல் இருக்கவே மாட்டார். காரணம் புல். எங்கள் பாத்திகளுக்கு நடுவிலும் கல்கட்டின் மேலும் பச்சைப் பசேலென்று புல் நிற்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் வீட்டில் புல் நின்றால் ஒன்று வியாதி, இல்லாவிட்டால் சோம்பேறித்தனம். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. அந்தப் புல்லை நிற்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் புல்லுவெட்டு வேலைதான் பார்த்தார். பேர்தான் வெட்டு, செய்வது சுரண்டல். அதற்கென்றே வளைந்த தகடு வைத்த ஒரு கருவி உண்டு. சுரண்டி என்றே அதற்குப் பெயர். அவர் சுரண்டிக்கொண்டு போன நிரையில் தேயிலைச் செடிக்கு அடியில் ஒரு பச்சை இலையைப் பார்க்க முடியாது. கங்காணி மற்ற ஆட்களைக் கூட்டி வந்து அவருடைய நிரையைக் காட்டுவார். மனிதருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. கொழுந்து பறிக்கும் பெண்களிடம் நானும் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சிக்கொண்டவள்தான்.

மீரியபெத்தையில் மலை இறங்கி தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை மூடிய பிறகு, மற்ற மலைகளையும் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னாலும் நிலம் வெடித்திருந்தது. அலையாய் அலைந்து கடைசியில் பசறைப் பக்கத்தில், ஒரு சரிவில், ஏழு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணியும் தனி வீடும் கிடைத்தன. எங்கள் பரம்பரையிலேயே சொந்தமாக நிலம் கண்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சாவியை வாங்கிய அன்றைக்கு நான் கால் தரையில் படாமல்தான் நடந்தேன்.

வயதாகித் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து எங்கள் இரண்டு பேர் பேரையும் வெட்டியாயிற்று. மகளைத் தெமோதரையில் கட்டிக் கொடுத்தாயிற்று. இனி இந்த மண்ணில் விளைவதைத் தின்று வாழ்வோம் என்று முடிவு செய்தோம். அரிசி, உப்பு, எண்ணெய் மாதிரி நம் கையால் ஆகாததை மட்டும் வாங்குவது. அதற்கும் கோழி முட்டையையும் மிஞ்சிய காய்கறியையும் பசறைச் சந்தையில் விற்றுக்கொள்வது. நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மண் எங்கே? வீடு கட்ட இயந்திரம் வைத்து மலையை வெட்டியபோதே மேல்மண் போய்விட்டது. மிஞ்சியது செம்மஞ்சள் களியும் கல்லும்தான். பழைய லயத்து மாட்டுப்பட்டியிலிருந்து சாக்குச் சாக்காகச் சாணம் சுமந்து வந்து போட்டுப் போஞ்சியும் தக்காளியும் நட்டோம். என் வீட்டுக்காரர் தினமும் விடியும்போதே எழுந்து, பிளேன்டீ குடிப்பதற்கு முன்பே, முழு இடத்தையும் சுரண்டித் துடைத்து வைத்துவிடுவார். பார்க்கிறவர்கள் எல்லோரும் மெச்சினார்கள்.

ஐப்பசி மழை வந்தது. சாணமும் மண்ணும் போஞ்சியும் சேர்ந்து கீழே ரோட்டுக்குப் போய்விட்டன. பாத்தி இருந்த இடத்தில் கற்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. அந்த வருடம் எல்லாவற்றையும் கடையில்தான் வாங்கித் தின்றோம்.

கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் என் தம்பி அப்போதுதான் பேச்சை எடுத்தான். அவனுடைய முதலாளிக்குக் காவலுக்கு ஓர் ஆள் வேண்டுமாம். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. வீட்டுக்காரர் யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இன்னும் ஒரு மழைக்காலம் பாப்போம் புள்ள. அதுலயும் இந்த மண்ணு சோறு போடலன்னா நான் போறேன். ரெண்டு பேரும் இங்க குந்திக்கிட்டுப் பட்டினி கெடக்க முடியாது."

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பிரிந்து இருந்ததில்லை. சண்டை போடாத நாளும் இல்லை, அது வேறு. இந்த வயதில் அவரைக் கொழும்பில் யாருடைய கடைக் கதவுக்கோ காவலாக அனுப்பிவிட்டு, எனக்கு எதற்குச் சொந்த வீடு?

அன்றிலிருந்து அந்த ஏழு பேர்ச்சையும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன். குளியலறைக்குப் பின்னால், வீடு கட்டியவர்கள் விட்டுப்போன கற்குவியலுக்கு அந்தப் பக்கம், சுரண்டி நுழைய முடியாத ஒரு மூலை இருந்தது. அங்கே புல்லும் வல்லாரையும் மண்டிக் கிடந்தன. புல்லை விலக்கிக் கையை விட்டேன். கறுப்பு மண், ஈரம், மண்புழு. மழைக்கு அங்கே ஒரு பிடி மண்கூட நகரவில்லை. என் வீட்டுக்காரர் கைபட்ட இடமெல்லாம் மண் போயிருந்தது. கைபடாத இடத்தில் மட்டும் இருந்தது. இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

சொன்னேன். என் வாய் சும்மா இருக்குமா? அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோழிக்கூட்டுக்கு அடியில் சுரண்டியை ஒளித்தேன். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்து சுரண்டிக்கொண்டு நிற்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் குடியிருப்பு முழுவதற்கும் கேட்கும்படி கத்தினேன்.

"கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"புல்லப் பாத்துக்கிட்டு எப்பிடி சும்மா இருக்கிறது? இத்தன காலம் இதத்தானே செஞ்சேன்? யாராச்சும் ஒரு கொற சொல்லியிருக்காங்களா?"

"அது தொரையோட மண்ணு. போனா அவரு பாடு. இது நம்ம சோறுங்க!"

அவர் சுரண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். புல்லைப் பார்த்தால் கை துறுதுறுக்கிறதாம். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. வேலைக்காரக் கைக்கு வேலை கொடுக்காமல் விட்டால் அது நோய். அடுத்த நாள் மண்வெட்டியை அவர் முன்னால் போட்டேன். "கான் வெட்டத் தெரியுமா? இல்ல அதுவும் மறந்து போச்சா?" என்று சீண்டினேன். கான் என்றால் மலையில் மழைத் தண்ணீரை வழிநடத்த வெட்டும் வாய்க்கால். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கயிறும் இல்லை, மட்டப்பலகையும் இல்லை. கண்ணாலேயே மட்டம் பார்த்துச் சரிவுக்குக் குறுக்கே வெட்டினார். தண்ணீர் ஓடாமல் நடந்து போய் ஓடையில் சேர்கிற மாதிரி ஒரு கான். தோண்டியெடுத்த கற்களை அடுக்கி அடுக்கிக் கல்கட்டு எழுப்பினார். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து நான் மிலாறு, அதாவது கழித்துப் போட்ட தேயிலைக் கிளைகள், சுமந்து வந்தேன். தடித்த குச்சி அடுப்புக்கு, இலையும் சிம்பும் பாத்திக்கு. புல் வளர்ந்தால் வேரை விட்டுத் தலையை மட்டும் அறுத்து அங்கேயே போட்டோம். கோழி எச்சம், அடுப்புச் சாம்பல், பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று எதையும் வெளியே விடவில்லை. அந்தப் பாத்திகளில் போஞ்சியோடு மரவள்ளியும், வத்தாளங்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் சர்க்கரைவள்ளியும் நட்டோம்.

பக்கத்து வீட்டு அக்கா வேலியில் சாய்ந்து நின்று கேலி பேசுவார். "என்னா தங்கச்சி, இது வீடா காடா? கங்காணி பாத்தா ஒன் வீட்டுக்காரருக்கு அரைப் பேருதான் போடுவாரு." அரைப் பேர் என்றால் அரைநாள் சம்பளம், தோட்டத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நான் விடுவேனா? "இங்க கங்காணியும் நான்தான், தொரையும் நான்தான். முழுப் பேரு போட்டாச்சு, போங்கக்கா!"

வாய்தான் அப்படி. அடுத்த மழை நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி வேறு, முதலாளி இடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மழை வந்தது. சாதாரண மழையா அது? நாள்கணக்கில் விடாமல் கொட்டியது. பசறை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. கடையில் சாமான் இல்லை. வீட்டுக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கானுக்கும் கல்கட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். இலை அடைத்தால் எடுத்துவிடுவார். பக்கத்து வீட்டில் சுத்தமாகச் சுரண்டி வைத்த பின்பக்கத் திட்டு பொத்தென்று விழுந்தது. நல்லவேளை, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கானில் ஓடிய தண்ணீர் தெளிவாக ஓடியது. அதைப் பார்க்கத்தான் நான் நனைந்துகொண்டே நின்றேன். தண்ணீர் தெளிவாகப் போகிறதென்றால் மண் போகவில்லை என்று அர்த்தம்.

அந்த நாட்களில் வத்தாளங்கிழங்கும் மரவள்ளியும் தோண்டினோம். வல்லாரைச் சம்பல், போஞ்சிக் கறி, முட்டை. பக்கத்து வீட்டு அக்காவும் பிள்ளைகளும் எங்கள் அடுப்படியில்தான் சாப்பிட்டார்கள். கடைச் சாமான் என்று வீட்டில் இருந்தது உப்பும் எண்ணெயும்தான். ஒரு கிழங்கைத் தட்டில் வைத்து நீட்டும்போது எனக்கு வந்த பெருமையை மறைக்கத் தெரியவில்லை. மறைக்கவும் இல்லை.

மழை விட்டதும் அந்த அக்கா என் வீட்டுக்காரரிடம் வந்தார். "அண்ணே, எங்க பக்கத்துக்கும் ஒரு கான் வெட்டித் தாங்க." அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள்.

பஸ் ஓடத் தொடங்கிய நேரம் தம்பி போன் செய்தான். நான் போனை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மச்சான், ரோடு தெறந்துட்டாங்கதானே? எப்ப வர்றீங்க?"

"எங்க மாப்ள வர்றது? இங்க கான் வெட்டுற வேல தலைக்கு மேல கெடக்கு. மழைக்குப் புல்லு வேற வளந்து நிக்குது, தலையறுத்துப் போடணும்."

"புல்லுதானே மச்சான்? நீங்க சுரண்டுனா ஒரு காலையில முடிஞ்சிறாது?"

என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"சுரண்டுறதா? என்னா பேச்சுப் பேசுற நீ! கொழும்புல குந்திக்கிட்டு ஒனக்கு மண்ணப் பத்தி என்னா தெரியும்? என் புல்லுல எவனாவது கைய வச்சான்னா தெரியும் சேதி!"

நான் அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. வெளியே அவர் இன்னும் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டட்டும் என்று இரண்டு பேருக்கும் உலை வைத்தேன்.